துரையின் ஜீப்புக்கு டர்போ

எங்கள் வீட்டு ஜீப் என்னைவிடப் பதினேழு வயது மூத்தது. 1982 மிட்சுபிஷி, டீசல், இன்னும் ஸ்ரீ நம்பர். என்ஜின் பெயர் 4டிஆர்5. ஜீப் பைத்தியம் பிடித்த யாரிடமாவது இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், அடுத்த அரை மணித்தியாலம் உங்களுடையது இல்லை. அமெரிக்காவின் வில்லிஸ் ஜீப்பை உரிமம் வாங்கி 1953-இல் செய்யத் தொடங்கிய மிட்சுபிஷி, 1998 வரைக்கும் கிட்டத்தட்ட அதே மூஞ்சியோடு விடாமல் செய்தது. இந்த 2659 சிசி என்ஜின் கேன்டர் லொறியிலும் ஓடியது. பாட்ஸ் இன்றைக்கும் கிடைக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

முதலில் இந்த ஜீப் எங்களுடையது இல்லை. தோட்டத்துடையது. தோட்டத்துடையது என்றால் துரையுடையது என்று அர்த்தம். தெல்தோட்டைக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்தில் அப்பாதான் அதற்கு டிரைவர். ஜீப் சத்தம் கேட்டால் றோட்டோரம் ஒதுங்கி, குடையை மடக்கிக்கொண்டு நின்றவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எங்கள் அப்பாயி அதில் ஒருவர். தன் மகன் ஓட்டிவரும் வண்டிக்கே அவர் ஒதுங்கி நின்றிருக்கிறார். 1992-இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் போன பிறகு புது வண்டிகள் வந்தன. பழசு ஷெட்டில் நின்றது, பிறகு ஏலத்துக்கு வந்தது. அப்பா சீட்டுக் காசையும் அம்மாவின் நகையையும் போட்டு எடுத்தார். எடுத்த நாளிலிருந்து அது லயத்து வண்டி.

இப்போது அண்ணன் ஓட்டுகிறான். ஹயர்தான் வீட்டுச் சாப்பாடு. கீழே இருந்து அரிசி, மா, கேஸ் சிலிண்டர், சீமெந்து, சில நாளைக்குக் கல்யாண வீட்டுக் கதிரை. மேலே இருந்து மரக்கறி மூட்டை, டவுனுக்குப் போகிற ஆட்கள், ராத்திரியில் பிரசவ வலி வந்த அக்காமார். ஆம்புலன்ஸ் மெயின் றோட்டு வரைக்கும் வரும். அதற்கு மேலே இருக்கிற கடைசி டிவிஷனுக்கு ஜீப் மட்டும்தான் ஏறும். அந்த றோட்டைப் பார்த்தால் வேறு வண்டிக்காரரைக் குறை சொல்ல மனம் வராது.

பிரச்சினை என்னவென்றால், ஜீப் ஏறாமல் ஆகத் தொடங்கியது. ஏறும், ஆனால் இரண்டாம் கியரில், சில வளைவில் முதலாம் கியரில், பின்னால் கரும்புகை விட்டுக்கொண்டு. ஃபெக்டரிக்குக் கீழே உள்ள நீளமான ஏத்தத்தில் டெம்பரேச்சர் முள் மேலே போகும். அண்ணன் அங்கே நிறுத்துவான். ஆட்கள் இறங்கி நிற்பார்கள். இருபது நிமிசம் கழித்துத் திரும்பப் புறப்படும். 2022-இல் டீசலுக்கு வரிசையில் கிடந்த காலத்தில் இதெல்லாம் ஒரு குறையாகவே தெரியவில்லை, ஓடினால் போதும் என்று இருந்தது. வேறு வண்டி வாங்கும் யோசனையும் எடுபடவில்லை. 2020-இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025-இல்தான் திரும்பத் திறந்தார்கள். இடையில் பழைய வண்டிகளின் விலை போன போக்கு இலங்கையில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். எங்கள் ஜீப்பையே வாங்கவேண்டி வந்திருந்தால் எங்களால் வாங்கியிருக்க முடியாது.

அப்போதுதான் அண்ணன் அந்தச் சொல்லைக் கொண்டுவந்தான். டர்போ.

அப்பா சோற்றுக் கோப்பையில் இருந்து தலையைத் தூக்கவில்லை. "நாப்பது வருசம் ஓடுன என்ஜினு. அதுக்கே மூச்சு வாங்குது. நீ அதோட மூக்குல ஊதப் போறியா?"

அப்பா கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் டர்போ செய்கிற வேலை கிட்டத்தட்ட அதுதான். டீசல் எரிய காற்று வேண்டும். சாதாரண என்ஜின் காற்றைத் தானே உறிஞ்சிக்கொள்ளும், வெளியில் எவ்வளவு அழுத்தம் இருக்கிறதோ அவ்வளவுதான் உள்ளே வரும். கடற்கரையில் காற்றழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. கண்டி டவுன் ஏறக்குறைய 1600 அடி உயரம், அங்கே 14-க்குக் கொஞ்சம் கீழே. எங்கள் மேல் டிவிஷன் 4000 அடியைத் தொடுகிற இடம், அங்கே 12.7. அதாவது கொழும்பில் கிடைக்கிற காற்றில் ஏழில் ஒரு பங்கு அங்கே இல்லை. ஆனால் டீசல் பம்புக்கு மலை தெரியாது. பழைய பம்ப் கொழும்பில் ஊற்றுகிற அளவையே தெல்தோட்டையிலும் ஊற்றும். எரிய வழியில்லாத டீசல் கரும்புகையாகப் பின்னால் போகும். தேயிலைக்காரர்கள் 2000 அடி, 4000 அடி என்று கோடு போட்டு லோ குரோன், மிட் குரோன், ஹை குரோன் என்று தேயிலையைப் பிரிக்கிறார்களே, என்ஜினுக்கும் அதே கோடுகள் இருக்கின்றன. தேயிலைக்கு ஏற ஏற ருசி. டீசலுக்கு நேர்மாறு.

டர்போவின் சரித்திரமே மலையில் இருந்து தொடங்குகிறது என்று பிறகு வாசித்தேன். சுவிற்சர்லாந்துக்காரர் அல்ஃபிரட் பியூஷி 1905-இல் காப்புரிமை எடுத்தார். யோசனை எளிது: சைலன்சர் வழியாகச் சும்மா வெளியே போகிற சூடான புகையை வைத்து ஒரு விசிறியைச் சுற்றவைப்பது, அதே தண்டின் மறுமுனையில் இருக்கிற இன்னொரு விசிறியால் புதுக் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளுவது. 1918-இல் சான்ஃபோர்ட் மோஸ் என்ற பொறியியலாளர், விமானங்களுக்கான லிபர்ட்டி என்ஜின் ஒன்றை லொறியில் கட்டி, அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையில் 14,000 அடிக்கு ஏற்றினார். கீழே 350 குதிரைவலு தந்த என்ஜின் மேலே 230 தந்தது. டர்போ போட்டதும் 356. இதை நான் அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "லொறியில ஏத்திக்கிட்டுப் போனாங்களா, அப்ப அந்த லொறிக்கு என்னா என்ஜினு?" என்று கேட்டார். பதில் எனக்குத் தெரியாது.

கட்டுகஸ்தோட்டைப் பக்கம் கராஜ் வைத்திருக்கிற நானா ஒருவர் இருக்கிறார். அப்பாவுக்கும் அவருக்கும் தோட்டத்து ஷெட் காலத்துப் பழக்கம். அண்ணன் அவரிடம் போனான், நானும் தொத்திக்கொண்டு போனேன். ஏ எல்லில் தொழில்நுட்பம் படித்தவள் என்கிற ஒரே தகுதி. கராஜில் பொம்பிளைப் பிள்ளைக்கு முதலில் கிடைப்பது ஒரு ஸ்டூல், அடுத்தது ஒரு பிளேன்டீ. மூன்றாவது தடவை போனபோதுதான் நானா ஸ்பானரைக் கையில் தந்தார்.

நானா டர்போவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. முதலில் கம்ப்ரஷன் பார்த்தார். நாலு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டின. காட்டாவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும். தேய்ந்த ரிங்கோடு இருக்கிற என்ஜினுக்குக் காற்றை அழுத்தினால், அந்தக் காற்று பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கி ஒயிலை மேலே தள்ளும். பிறகு ரேடியேட்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். பாதி அடைபட்டிருந்தது. "தம்பி, இது முதல்ல" என்றார். டீசல் அடிக்கிற நொசில் நாலையும் கழற்றிச் சோதிக்க அனுப்பினார். பிறகு, நாங்கள் எதிர்பார்க்காத இடத்துக்கு வந்தார்.

"பிரேக் எப்பிடி?"

அண்ணன் சிரித்தான். நானா சிரிக்கவில்லை.

அந்தக் கேள்வியைப் பற்றி நான் நிறைய நாள் யோசித்தேன். எங்கள் வேலையில் பாரம் மேலே ஏறும், நோயாளி கீழே இறங்குவார். ஏத்தத்தில் என்ஜின் செத்தால் வண்டி நிற்கும், ஆட்கள் முணுமுணுப்பார்கள். இறக்கத்தில் பிரேக் போனால் முணுமுணுக்க ஆள் இருக்காது. டர்போ ஏத்தத்துக்கு மட்டும்தான். அது வந்ததும் வண்டி கொஞ்சம் வேகமாக ஓடும், கொஞ்சம் கூடப் பாரம் ஏற்றலாம் என்று மனசு சொல்லும். அந்தக் கூடுதல் பாரத்தையும் திரும்பி வரும்போது அதே பழைய டிரம் பிரேக்தான் பிடித்து நிறுத்தவேண்டும். கடைசியில் பிரேக்குக்கும் ரேடியேட்டருக்கும் நாங்கள் கொடுத்த காசு டர்போவுக்குக் கொடுத்ததைவிடக் கூட. அண்ணனுக்கு அது கசந்தது. நாலு சில்லுக்குள்ளே ஒளிந்திருக்கிற பிரேக்கை யாருக்கும் திறந்து காட்ட முடியாதே.

இன்னொரு கதையும் நானா சொன்னார். லாண்ட் ரோவர் கதை. அந்தக் கம்பனியின் 2.5 லீட்டர் டீசல் 68 குதிரைவலு, வேர் 1957 வரைக்கும் போகிற பழைய வடிவமைப்பு. ஜப்பான்காரர்கள் சந்தையைப் பிடிக்க, 1986-இல் லாண்ட் ரோவரும் அதற்கு டர்போ பூட்டியது. 85 ஆனது. சும்மா பூட்டவில்லை, பிஸ்டன், வால்வு, கிராங்க் எல்லாவற்றையும் பார்த்து மாற்றித்தான் பூட்டினார்கள். அப்படியும் பிஸ்டன் வெடித்தது, ஹெட் வெடித்தது, புளொக்கே கீறிய கேஸ்களும் உண்டு. என்ஜின் மூச்சுவிடுகிற குழாய் வழியாக ஒயில் உள்ளே இழுபட்டு, சாவியை அணைத்தாலும் நிற்காமல் தன் ஒயிலையே குடித்துக்கொண்டு ஓடுகிற வியாதியும் அதற்கு இருந்தது. மூன்று வருசத்தில், 1989-இல், ஹெட்டையே புதிதாக வரைந்து, டீசலை நேரே பிஸ்டன் மேல் அடித்து, இன்டர்கூலரும் வைத்து 200 டிடிஐ என்று வேறு என்ஜின் கொண்டுவந்தார்கள். அது நல்ல பெயர் எடுத்தது. "கம்பனிக்காரனுக்கே மூணு வருசம் எடுத்திச்சி மகள்" என்றார் நானா. "நம்மகிட்ட இருக்கிறது ஒரு ஜாக்கி, ஒரு வெல்டிங் மெஷின்."

எங்கள் பக்கம் இருந்த ஒரே ஆறுதல், மிட்சுபிஷியும் பிற்காலத்தில் இதே 4டிஆர்5-க்கு டர்போ போட்டு ஜீப்பில் விற்றது என்பது. ஆகவே புளொக்குக்குத் தாங்கும் சக்தி இருக்கிறது. எங்கள் என்ஜினின் உள் சாமான் அந்த டர்போ மொடலுடையது இல்லை என்பதையும் சேர்த்து நினைவில் வைக்கவேண்டும், அவ்வளவுதான்.

பஞ்சிகாவத்தைக்கு அண்ணனும் நானும் போனோம். கொழும்பில் அந்த ஒரு தெருவில் ஜப்பானின் பாதி வண்டிகள் துண்டு துண்டாகக் கிடக்கும். பஜேரோவின் 4டி56 என்ஜினில் இருந்து கழற்றிய டிடி04 டர்போ ஒன்றைப் பிடித்தோம். அதுவும் மிட்சுபிஷி, 2.5 லீட்டருக்கு அளவானது, எங்கள் 2.7-க்குச் சரிவரும். வாங்கும்போது பார்க்கவேண்டியது தண்டின் ஆட்டம். விரலால் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் நூலளவு அசையலாம், விசிறியின் இலை சுவரில் முட்டக்கூடாது. கடைக்காரர் என் விரலைப் பார்த்தார், பிறகு அண்ணனைப் பார்த்தார், பிறகு விலையைக் கொஞ்சம் குறைத்தார். சூப்பர்சார்ஜர் என்று ஒன்றும் உண்டு, பெல்ட்டில் சுற்றுவது. அதைச் சுற்ற என்ஜினே சக்தி கொடுக்கவேண்டும். எங்கள் கிழவரிடம் கடன் கொடுக்க ஒன்றும் இல்லை என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை.

பூட்டுகிற வேலை மூன்று கிழமை. எக்ஸோஸ்ட் மெனிஃபோல்டுக்கும் டர்போவுக்கும் நடுவில் தடித்த இரும்புத் தகட்டில் ஓர் இணைப்பு. ஒயில் பிரஷர் சுவிட்ச் இருக்கிற இடத்தில் ஒரு டீ போட்டு டர்போவுக்கு ஒயில். உள்ளே போகிற குழாய் மெல்லியது, திரும்பி வருகிற குழாய் பெருவிரல் தடிப்பு. அதற்குக் காரணம் கேட்டேன். ஒயில் அழுத்தத்தோடு உள்ளே போகும், ஆனால் வெளியே வரும்போது தள்ள ஆளில்லை, தன் பாரத்தில் வழிந்து சம்புக்கு வரவேண்டும். குழாய் எங்காவது மேலே வளைந்தால் ஒயில் தேங்கும், தேங்கினால் சீல் வழியாக டர்போவுக்குள் கசியும், வண்டி நீலப்புகை விடும். நானா அந்த ஒரு குழாய்க்காக டர்போவை இரண்டு தடவை இறக்கி ஏற்றினார். வேஸ்ட்கேட்டை 7 பிஎஸ்ஐக்கு வைத்தோம். மேல் டிவிஷனின் 12.7-ஓடு அதைக் கூட்டினால் 19.7. தாளில் பார்த்தால் கடற்கரையில் கிடைப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடக் காற்று. அழுத்தும்போது காற்று சூடாகி விரிவதால் முழுசாகக் கிடைக்காது, இன்டர்கூலரும் நாங்கள் வைக்கவில்லை. பாதி கிடைத்தாலே போதும் என்றுதான் கணக்கு.

டர்போ விசில் கேட்கவேண்டும் என்று கேட்டவர்களும், கியர் மாற்றும்போது 'ப்ஷ்ஷ்' என்று சத்தம் வருகிற வால்வு போடச்சொன்னவர்களும் அண்ணனின் கூட்டாளிகள். மீமுரேக்கு டிரிப் போகிற கூட்டம். அந்த வால்வு பெற்றோல் வண்டிக்கு. பெற்றோல் என்ஜினில் காற்று வழியைக் கதவு அடைக்கும், அடைபட்ட காற்றை வெளியேவிட அது தேவை. எங்கள் டீசலில் அடைக்க அப்படி ஒரு கதவே இல்லை. நான் இதை விளங்கப்படுத்தியதில் எனக்கு அந்தக் கூட்டத்தில் ஒரு பட்டப்பெயர் கிடைத்தது. அதை இங்கே எழுதப்போவதில்லை.

டேஷ்போர்டில் இரண்டு புது மீட்டர். ஒன்று டர்போ அழுத்தத்துக்கு. மற்றது பைரோமீட்டர், எக்ஸோஸ்ட் புகையின் சூட்டை டர்போவுக்கு முன்னாலேயே அளப்பது. நானா கண்டிப்பாக வேண்டும் என்றது இதைத்தான். தண்ணீர்ச் சூடு காட்டுகிற முள் நடந்து முடிந்ததைச் சொல்லும், இது நடந்துகொண்டிருப்பதைச் சொல்லும். அலுமினியம் பிஸ்டனுக்கு 700 பாகை செல்சியஸ் பக்கம் போனால் ஆபத்து. 650-இல் காலை எடு என்றார். டர்போ பூட்டினதும் காற்று கூடியது, டீசல் பழைய அளவு. புகை நின்றுவிட்டது, இழுவை கொஞ்சம் கூடியது. பிறகு நானா டீசல் பம்பின் ஸ்குரூவைத் திறந்து மிகக் கொஞ்சம், கால் சுற்றுக்கும் குறைவாக, திருப்பினார். இழுவை நன்றாக வந்தது. பைரோமீட்டரும் ஏறியது. டர்போ வெறும் காற்றைத்தான் தருகிறது. சக்தியும் சூடும் அந்த ஸ்குரூவில் இருந்துதான் வருகின்றன, இரண்டையும் பிரித்து வாங்க வழியில்லை. நானா அதன்மேல் மஞ்சள் பெயின்ட் ஒரு பொட்டு வைத்தார். யாராவது திருப்பினால் பெயின்ட் வெடிக்கும்.

முதல் ஏத்தம் அப்பா ஓட்டினார். யாரும் கேட்கவில்லை, அவரே சாவியை எடுத்தார். நான் கொப்பியும் போன் ஸ்டொப்வொட்சும். பின்னால் பத்து மூட்டை சீமெந்து, பழைய நாளில் அளந்த அதே பாரம். மெயின் றோட்டுச் சந்தியில் இருந்து மேல் டிவிஷன் கோயிலடி வரைக்கும் முன்பு 41 நிமிசம், நடுவில் ஆறவிடுகிற நேரத்தைச் சேர்க்காமல். அன்றைக்கு 33. நிறுத்தவில்லை. ஃபெக்டரி ஏத்தத்தில் அப்பா வழக்கமான இடத்தில் கை தானாகவே கியருக்குப் போய், பிறகு மாற்றாமல் திரும்பியது. மூன்றாம் கியரிலேயே ஏறிக்கொண்டிருந்தது. முள் 620. மேலே போய் உடனே நிறுத்தவில்லை. சூடான டர்போவை ஒயில் ஓடாமல் திடீரென்று விட்டால் ஒயில் கருகும். இரண்டு நிமிசம் சும்மா ஓடவிட்டார். அந்த இரண்டு நிமிசமும் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இந்தச் சத்தம் துரைக்குப் புடிச்சிருக்காது" என்றார்.

இங்கே ஒரு சண்டையையும் சொல்லவேண்டும். கூட்டாளிகளில் ஒருவன் அந்த ஸ்குரூவை இன்னும் இரண்டு சுற்றுத் திருப்பினால் ஜீப் பறக்கும் என்று அண்ணனுக்கு ஓதிக்கொண்டிருந்தான். அப்படிச் செய்த ஜீப் வீடியோக்கள் போனில் நிறைய. ஏத்தத்தில் நிலக்கரிப் புகை கக்கிக்கொண்டு ஏறும், கீழே இதயக் குறிகள். எனக்கு அதைப் பார்த்தால் கோபம்தான் வரும். கண்டி ஒரு கிண்ணம். சுற்றிவர மலை, நடுவில் வாவி, காலையில் பஸ் விடுகிற புகை எழும்பிப் போக வழியில்லாமல் தலைக்கு மேலே நிற்கும். பஸ்ஸுக்கு நிற்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைத்தான் குடிக்கிறார்கள். வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க 2008-இல் இருந்து புகைச் சான்றிதழ் வேண்டும். சோதனைக்கு முதல் நாள் ஸ்குரூவைக் குறைத்து, மறுநாள் கூட்டுகிற வித்தையும் ஊருக்குத் தெரியும். எங்கள் ஜீப் இந்த வருசம் ஒன்றையும் தொடாமல் பாஸ் ஆனது. டர்போ போட்டதில் எனக்கு மிகப் பிடித்த பலன் இதுதான், நிமிசக் கணக்கைவிட. அண்ணனிடம் சொன்னேன்: "திருப்பிப் பாரு, மஞ்சப் பொட்டு வெடிச்சா அப்பாகிட்ட நான் சொல்ல மாட்டேன், அப்பாவே பாப்பாரு." அப்பா ஒவ்வொரு காலையும் பொனட்டைத் திறந்து ஒயில் பார்ப்பார். ஒயிலை மட்டும் பார்ப்பதில்லை.

யாராவது என்னிடம் "எங்க ஜீப்புக்கும் போடலாமா" என்று கேட்டால், முதலில் எங்கே ஓடுகிறது என்று கேட்பேன். குருநாகல் பக்கம் சமதரையில் ஓடுகிற வண்டிக்கு இது வெறும் ஆசை. மலையில் ஓடுகிற வண்டிக்கு, மலை எடுத்ததைத் திருப்பி வாங்கி, அதற்குமேல் ஒரு கைப்பிடி. அதோடு நிறுத்துகிற மனம் இருந்தால் போடுங்கள். பிரேக்கை முதலில் செய்யுங்கள். இதையெல்லாம் சொல்லிவிட்டு, அந்த றோட்டுக்குக் கொங்கிரீட் போட்டிருந்தால் ஒரு சாதாரண வேன் போதும், டர்போவும் வேண்டாம் நானாவும் வேண்டாம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒவ்வொரு தேர்தலுக்கும் அந்த றோட்டை அளக்க ஆட்கள் வருகிறார்கள். டேப் பிடித்து அளந்துவிட்டு, திரும்ப எங்கள் ஜீப்பில்தான் இறங்குகிறார்கள். அண்ணன் அவர்களிடம் ஹயர் காசை முன்கூட்டியே வாங்கிவிடுவான்.

போன மாதம் கிளச் வழுக்கத் தொடங்கியது. பழைய இழுவைக்கு அளவான கிளச், புது இழுவைக்குப் பிடிக்கவில்லை. நானாவுக்கு போன் எடுத்தோம். "ஆ, வந்திட்டா?" என்றார், ஏதோ சொந்தக்காரர் வந்ததைக் கேட்பதுபோல. இந்த ஞாயிறு கியர் பொக்ஸ் இறக்குகிறோம். கேன்டர் கிளச் தட்டு ஒன்று பார்த்து வைத்திருக்கிறாராம், அளவு சரியா என்று இறக்கினால்தான் தெரியும்.